கரமனை யட்சி

சேகருக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் சௌக்கியம் என்ற வரியை வழக்கம்போல முதலில் எழுதிவிடலாம் என்று பார்த்தால் பேனா ஓட மாட்டேன் என்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவும் நன்றாக இருக்கிறார். இரண்டு நாளாகச் சிரித்துச் சிரித்து அவருக்கு விலாதான் வலிக்கிறதாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதனால் உன் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று ஆகியிருக்கிறது. பயந்துவிடாதே, நான் அழுதுகொண்டு எழுதவில்லை. உண்மையைச் சொன்னால் இத்தனை சந்தோஷமாக நான் இருந்து வெகு காலம் ஆயிற்று. வாசலில் நின்றுகொண்டே பிரித்துப் படிக்காதே. உள்ளே போய் உட்கார்ந்து, காப்பி ஆறினாலும் பரவாயில்லை, கடைசிவரைக்கும் படி. ஊரார் வாயிலிருந்து உன் காதுக்கு வருவதற்குள் என் கையெழுத்து மெட்ராஸுக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் இந்த அவசரம்.

உன் நிச்சயதார்த்தத்தன்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். தாம்பூலத் தட்டு மாற்றுவதற்குச் சற்று முன்னால், பத்மாவின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு உன்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் அல்லவா, கேள்வி கேட்டால் நமக்கே கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சினிமா, நாடகம் என்று ஏதும் சம்பந்தம் உண்டா என்றார். அவருடைய தம்பி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு சினிமாவுக்கென்று மெட்ராஸுக்கு ஓடிப்போன கதை அவர்கள் இருக்கும் வலியசாலை முழுக்கத் தெரிந்தது. நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க அம்மா சினிமாவே பார்க்க மாட்டா மாமா" என்றாய். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அப்பா மட்டும் இருமுகிற மாதிரி மேல்வேஷ்டியால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அவர் இருமவில்லை, சேகர். சிரிக்கப் போனார்.

இனி அந்தப் படம். பெயரை எழுத மாட்டேன். 'யட்சிப் படம்' என்றால் நம் கரமனையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மலைப் பக்கத்துக் கிராமத்துக்கு மாற்றலாகி வருகிற போஸ்ட்மாஸ்டர், அவருக்கு வாடகைக்குக் கிடைக்கிற பாழடைந்த பங்களா, அதற்குப் போகும் வழியில் ஒற்றைப் பனைமரம். கையில் ராந்தலோடு நடந்து வருபவரை வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி நிறுத்தி, "சுண்ணாம்பு உண்டோ?" என்று கேட்கிறாள். சுண்ணாம்பைக் கத்தி முனையில் வைத்துக் கொடுக்க வேண்டும், இரும்பு இருந்தால் அவள் தொட மாட்டாள் என்று ஊர்க்காரர்கள் சொல்லியிருப்பார்கள். மறந்துபோய் இவர் விரலில் தொட்டுக் கொடுப்பார். அவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். மெல்லச் சிரிப்பாள். சிரிப்பு ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே போய் ஓர் அலறலாக மாறும். பனையோலை சலசலக்கும், ராந்தல் அணையும். அந்த அலறலைக் கேட்டுக் கொட்டகையில் மூர்ச்சை போட்டவர்கள் உண்டு. உனக்குச் சின்ன வயதில் ஜுரம் வந்ததும் அதனால்தான்.

அந்த அலறல் என்னுடையது.

இன்னொரு தடவை படித்துப் பார்த்துக்கொள். யட்சியாக நடித்தவள் வேறு. பார்க்க ரதி மாதிரி இருப்பாள், ஆனால் கத்தச் சொன்னால் பூனைக்குட்டி மாதிரிதான் சத்தம் வருமாம். சிரிப்பும் அலறலும் உன் அம்மாவின் தொண்டையிலிருந்து வந்தவை. நம் தெருவில் யாருக்கும் தெரியாது, உன் சித்திகளுக்குத் தெரியாது. எனக்கும் அப்பாவுக்கும் மட்டுமே தெரிந்து இத்தனை வருஷம் நாங்கள் மூடி வைத்துக்கொண்டிருந்த சந்தோஷம் இது. நாங்கள் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில்கூட, அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று, "சுண்ணாம்பு உண்டோ?" என்பார். அதோடு சண்டை தீர்ந்துவிடும். எங்கள் இரண்டு பேருக்குள் என்ன சிரிப்பு என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். ஒன்றுமில்லை போடா என்று சொல்லியிருக்கிறோம்.

எப்படி நடந்தது என்றால், வடாம் காயப் போட்டதால் நடந்தது. கல்யாணமாகி வந்த புதுசு. மாசி வெயிலில் மொட்டை மாடியில் புடவையை விரித்து வடாம் பிழிந்துவிட்டு, காக்கை வராமல் காவல் இருப்பது என் வேலை. மற்ற வீடுகளில் கறுப்புக் குடையை விரித்து வைப்பார்கள், மிளகாயைக் கட்டித் தொங்கவிடுவார்கள். நான் ஒரு கத்துக் கத்துவேன், அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து கீழே ஆரம்பித்து மேலே கொண்டுபோய் முறித்துவிட வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் காக்கைகூடக் கிளம்பிப் போய்விடும். எதிர்வீட்டு மாமிகள் தங்கள் வடாத்தையும் என் பொறுப்பில் விட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள் என்றால் பார்த்துக்கொள். ஆற்றுப் படித்துறைக்குப் பக்கத்தில் அப்போது தங்கப்பன் என்று ஒருவர் குடியிருந்தார். சினிமா ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்கிறவர். ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது என் குரலைக் கேட்டிருக்கிறார். ஈர வேஷ்டியோடு நேரே செக்ரடேரியட்டுக்குப் போக முடியாதே என்று வீட்டுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு, அப்பாவைத் தேடி ஆபீசுக்கே போய்விட்டார்.

அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. வேறு ஆம்பளையாக இருந்தால் அந்த மனுஷரை அடிக்கப் போயிருப்பார். இவரோ வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "ஏண்டி, உன் குரலைக் கேட்டு ஊரே நடுங்கப் போறதாக்கும். வரயா?" என்றார். எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் தாங்க முடியாத ஆசை. பத்மநாப சுவாமி கோவிலுக்குப் போகிறோம் என்று தெருவில் சொல்லிவிட்டு, அர்ச்சனைத் தட்டும் கையுமாக, கோவிலுக்கு நேர் எதிர்த் திசையில் பஸ் ஏறினோம். ஸ்டூடியோவில் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறையில் என்னை ஒரு மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். எதிரே திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். எனக்கா, தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. டைரக்டர் வாட்சைப் பார்க்கிறார். தங்கப்பன் முகம் சுண்டிப்போயிற்று. அப்போது அப்பா என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவர் மேல்வேஷ்டியை இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு, சிறகடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து தரையில் வடாம் கொத்தினார். செக்ரடேரியட் குமாஸ்தா, நெற்றியில் பட்டை விபூதியோடு, அத்தனை பேர் எதிரில்! எனக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்புதான் படத்தில் இருக்கிறது. சிரித்த வேகத்திலேயே காக்கையை விரட்டினேன். அவ்வளவுதான், முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். என் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டது நான்தான். நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

படம் வந்தபோது ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அலறல் வந்ததும் கொட்டகை முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாள் என் கையையே இறுகப் பிடித்துக்கொண்டாள். பயப்படாதேங்கோ, நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அதற்கப்புறம் அந்தப் படம் ஊருக்கு வரும்போதெல்லாம், ஜீப்பில் மைக் கட்டி விளம்பரம் செய்துகொண்டு போவதை ஜன்னலுக்குள்ளிருந்து கேட்பதோடு சரி. போனால் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா உன்னை அழைத்துக்கொண்டு போய், ஜுரத்தோடு திருப்பிக் கொண்டுவந்தார். என் மடியில் படுத்துக்கொண்டு, யட்சி வருவாளா அம்மா, வருவாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். வரமாட்டாள் என்று உன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்கலாம். குழந்தை வாய் நிற்காது, தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்துவிட்டேன். உனக்கு மீசை முளைத்தபிறகு சொல்லலாம் என்றால், நீ தெருவைவிடக் கறாராக இருந்தாய்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பத்மாவும் அவள் அம்மாவும் நானும் சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவில் கூறைப் புடவை பார்க்கப் போனோம். மாம்பழக் கலரில் ஒன்று எடுத்திருக்கிறோம், அது இருக்கட்டும். திரும்பி வரும்போது கொட்டுகிற மழை. பஸ்ஸுக்காக ஒதுங்கிய இடம் தியேட்டர் வாசல். நிமிர்ந்து பார்த்தால் எதிரில் யட்சிப் படத்தின் போஸ்டர். பழைய படங்களை மேட்னியில் மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பத்மாவின் அம்மா, அந்த வாய் திறவா மனுஷி, போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தது, மறுபடி ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று வெகு நாளாக ஆசை என்றாள். பத்மா என்னைப் பார்த்தாள். உங்கள் பிள்ளை சொன்னது நிஜந்தானா மாமி, சினிமாவே பார்க்க மாட்டீர்களா என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டாள். நான் டிக்கெட் கவுண்டரைப் பார்த்து நடந்தேன். அந்தப் பெண் கைகொட்டிச் சிரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நல்ல பெண்ணடா உனக்குக் கிடைத்திருப்பது.

பிரின்ட் பழசு. திரையில் மழை பெய்கிற மாதிரி கோடுகள், நடுநடுவே அறுந்துபோய் ஒட்டிய இடங்கள். ஆனாலும் என்ன படம் அது! எந்த இடத்தில் ஜன்னல் அடித்துக்கொள்ளும், எப்போது நாய் ஊளையிடும் என்று எல்லாம் தெரிந்திருந்தும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்பாவைவிட இளையவராக இருக்கிறாரே இந்தப் போஸ்ட்மாஸ்டர், பாவம், யாராவது சொல்லி வைக்கக் கூடாதா என்று இந்தத் தடவை தோன்றியது. பனைமரம் வந்தது. சுண்ணாம்பு கேட்டாள். இவர் விரலை நீட்டினார். அவள் பிடித்தாள். அந்த நொடியில், சேகர், சத்தம் நின்றுபோயிற்று. படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. பின்னாலிருந்து விசில். "சவுண்டு! சவுண்டு இடடா!" என்று கூச்சல். யாரோ சீட்டை உதைக்கிறார்கள். திரையில் அவள் சிரிக்கத் தொடங்குகிறாள், ஊமைச் சிரிப்பு. முன்வரிசைப் பையன்கள் அவளைப் பார்த்துக் கேலியாகப் பூனை மாதிரி கத்தினார்கள். எனக்குக் கோபம் வந்தது பார், அப்படி ஒரு கோபம். என் இடம் அது. என் சிரிப்பு வர வேண்டிய இடத்தில் இவர்கள் மியாவ் என்கிறார்கள்.

எழுந்து நின்றேன். மடிசார்ப் புடவையும் மழையில் நனைந்த பையுமாக, பெண்கள் வரிசையின் நடுவில். அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே சிரிப்பை எடுத்தேன். முதலில் யாருக்கும் எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. கூச்சல் பட்டென்று அடங்கிற்று. சிரிப்பை ஏற்றிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வருஷமும் வடாத்துக்குக் காவல் இருந்த தொண்டை அல்லவா, எங்கேயும் பிசிறவில்லை. அவள் வாயைப் பிளந்த நொடியில் அலறினேன். ராந்தல் அணைந்தது. அப்புறம் ஒரு கைதட்டல் கிளம்பியது பார், மழையே கேட்கவில்லை. விளக்கைப் போட்டுவிட்டார்கள். முன்வரிசைப் பையன்கள் சீட்டின் மேல் ஏறி நின்று என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருவன் நடுங்கிக்கொண்டே கும்பிட்டான். பத்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "மாமி, இது... அந்தக் குரலே நீங்கதானா?" என்றாள். ஆமாம் என்றேன். ஒருவரிடம் ஆமாம் என்று சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தில் அல்ல. அப்படிக் கைதட்டல் வாங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும், அதை நினைத்துத்தான்.

அந்தக் கொட்டகையில் ஹெட்மாஸ்டரிடம் படித்த ஒருவனும் இருந்திருக்கிறான். சாயங்காலத்துக்குள் சங்கதி வலியசாலைக்குப் போயிற்று. மறுநாள் காலையில் உன் வருங்கால மாமனார், மனைவியையும் பத்மாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். காப்பி வேண்டாம் என்றார். அப்பா எதையோ சிரிப்பாகச் சொல்லப் பார்த்தார், எடுபடவில்லை. அவர் என்னிடம்தான் கேட்டார்.

"அன்னிக்கு உங்க பிள்ளை சொன்னப்போ நீங்கோ பக்கத்துலதானே இருந்தேள்?"

"இருந்தேன். வாயைத் திறக்கலை. திறந்திருக்கணும். ஆனா கத்தினதுக்கு எனக்கு வெக்கம் இல்லை மாமா. அன்னிக்கும் இல்லை, நேத்திக்கும் இல்லை."

உன் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் தன் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மெட்ராஸில் ஒன்றும் நடக்காமல் தம்பி திரும்பி வந்தபோது, ஊர் என்ன சொல்லுமோ என்று வாசலில் நிற்க வைத்தே பேசித் திருப்பி அனுப்பிவிட்டாராம். அதற்கப்புறம் அவன் வரவே இல்லை. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்றுகூட இவருக்குத் தெரியாது. இதைச் சொல்லும்போது ஹெட்மாஸ்டர் குரல் ஹெட்மாஸ்டர் குரலாக இல்லை.

"உங்ககிட்ட எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டாம் மாமி. இது உங்க பிள்ளைக்குத் தெரியட்டும். தெரிஞ்சப்புறம் அவர் அம்மாகிட்ட எப்படி இருக்கார்னு எனக்குப் பார்க்கணும். என்னை மாதிரி ஒருத்தன் ஆத்துக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன்."

நான் பத்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அப்பா சொல்வதுதான் தனக்கும் என்றாள்.

ஆகையால் பந்து இப்போது உன் கையில். அவசரப்பட்டு, கல்யாணம் நின்றுவிடுமே என்று இனிக்க இனிக்க ஒரு பதில் எழுதி அனுப்பாதே. அவர் ஆயிரம் பையன்களின் பொய்யைப் பார்த்தவர், எனக்கோ ஒரு பையனின் பொய் மனப்பாடம். வெட்கமாக இருந்தால் வெட்கமாக இருக்கிறது என்றே எழுது. என்னிடம் கோபித்துக்கொள், ஏன் சொல்லவில்லை என்று கேள். அதற்கு உனக்கு உரிமை உண்டு. நானும் அப்பாவும் எங்களுக்குள் சிரித்துக்கொண்டு உன்னை வெளியே நிறுத்திவிட்டோம், அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நாளைக்கு உனக்கும் பத்மாவுக்கும் நடுவில் ஏதாவது சந்தோஷம் இருந்தால் அதில் உன் குழந்தைகளுக்கும் ஒரு வாய் கொடு. அவள் உன்னிடம் எதையாவது ஆசைப்பட்டுக் கேட்டால், தெருவைத் திரும்பிப் பார்க்காமல் முதலில் அவள் முகத்தைப் பார். எனக்காக உன் அப்பா அத்தனை பேர் நடுவில் காக்கையாக ஆனார். நீயும் அப்படி ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, ஆகத் தெரிந்திருந்தால் நல்லது.

இன்னொன்று. நேற்று தியேட்டர் மானேஜர் வீடு தேடி வந்தார். அந்த ரீலில் சத்தம் போனது போனதுதானாம், வேறு பிரின்ட் கிடையாதாம். ஆனால் ஞாயிறு மேட்னிக்கு இப்போதே கூட்டம் விசாரிக்கிறதாம். மாமி வர முடியுமா என்று வாசலில் நின்று கேட்டார். தெருவில் நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வருகிறேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். பத்மாவும் அவள் அம்மாவும் வருகிறார்கள். ஹெட்மாஸ்டர் வருவதாகச் சொல்லவில்லை, படம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு அனுப்பியிருக்கிறார். நீ என்ன பதில் எழுதினாலும் நான் போவேன், சேகர். பதில் எழுதாமல் நீயே வருவதானால் சனிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறு. எனக்குப் பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். யாராவது கேட்டால், என் பிள்ளை வருவான் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அம்மா